ஆண்டவரிடம் வலி கேட்டேன்

பிரதர், நீங்கள் என் காலை வைத்துப் பொய் சொன்னீர்கள். தெரியாமல் சொல்லியிருக்கலாம். ஆனாலும் பொய் பொய்தான்.

என் பெயர் செலின். கற்பிட்டிப் பக்கம் கடற்கரைக் கொட்டிலில், ஒரு கருவாட்டு வாடியில், மீன் வெட்டி, உப்புப் போட்டுக் காயவைக்கிறேன். நயமாகப் பேச எனக்கு வராது. ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருப்பது நன்றிகெட்ட வேலை என்பதால் எழுதுகிறேன்.

எனக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு; கிளினிக்கில் தந்த குளிசை மாத்திரைகள் போட்டுவந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் கால் எரியத் தொடங்கியது. உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும். போர்வை பட்டாலும் தாங்காது. "ஆண்டவரே, இந்த வலியை எடுத்துவிடும்" என்று அழுது ஜெபித்தேன். நீங்கள் நடத்தும் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் நீங்களும் என் தலையில் கை வைத்து ஜெபித்தீர்கள். எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு இல்லாமலே போனது.

பிரதர், நீங்கள் என்னை முன்னால் கூப்பிட்டு மைக்கை நீட்டினீர்கள்.

"அக்கா, கால் இப்ப நோகுதா?"

"இல்ல பிரதர்."

"கொஞ்சங்கூட?"

"கொஞ்சங்கூட இல்ல."

"அல்லேலூயா! சீனியும் போச்சு! இனி எதுக்கு அக்கா குளிசை?"

சனம் கை தட்டியது. உங்கள் ஆள் ஒருவர் போனில் வீடியோ எடுத்தார். நான் சொன்னது உண்மை. எனக்கு நோகவில்லை. சீனி போனது என்று நான் சொல்லவில்லை, நீங்கள் சொன்னீர்கள். நான் நம்பினேன். குளிசையையும் கிளினிக்கையும் விட்டேன்.

வாடியில் நாங்கள் செருப்புப் போடுவதில்லை. செருப்பு மணலை எத்தி மீனில் போடும். கருவாட்டில் மணல் கடிபட்டால் யாவாரி வாங்க மாட்டான். மத்தியான மணலில் மற்றப் பெண்கள் துள்ளித் துள்ளி ஓடுவார்கள். நான் ஆறுதலாக, அவசரமில்லாமல் நடப்பேன். "செலினக்காவுக்கு மட்டும் மாதா கம்பளம் விரிச்சிருக்கிறா" என்று பகிடி பண்ணுவார்கள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

வாடியில் எல்லாம் நாறும். மீன் குடல், கழிவுத் தண்ணீர், என் உடுப்பு, என் தலைமயிர். அதற்குள் புதிதாக ஒன்று நாறியதை நான் கவனிக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். பக்கத்தில் என் புருஷனின் தங்கச்சி ரீற்றா இருந்தாள். காணிக்கை எடுக்கும் நேரம் மூக்கைப் பொத்திக்கொண்டு என் காதில் சொன்னாள்:

"என்ன மச்சாள், வாடியையும் பூசைக்குக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"போடி. சவுக்காரம் போட்டுக் குளிச்சிட்டுத்தான் வாறன்."

"அப்ப கோயிலுக்குள்ள என்ன செத்துக் கிடக்கு?"

குனிந்து தேடினாள். கடைசியில் என் காலைத் தூக்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. இரண்டாம் விரலுக்குக் கீழே ஒரு ஓட்டை. சுற்றிக் கறுத்திருந்தது. உள்ளே ஒரு மீன் முள். அவள் அமத்தினாள், சீழ் வந்தது. எனக்கு வலி ஒன்றுமே தெரியவில்லை. பயத்துக்கு முன்னால் ஆச்சரியம்தான் வந்தது. என் சொந்தக் காலில் இப்படி ஒன்று இருந்தது எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

பூசை முடியும்வரை ரீற்றா பொறுக்கவில்லை. ஓட்டோ பிடித்துக் கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து புத்தளத்துக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஒரு முஸ்லிம் பிள்ளை நர்ஸாக இருந்தாள். "கண்ண மூடுங்கம்மா. கால்ல படுற நேரம் ஓம், படுதுன்னு சொல்லுங்க" என்றாள். நான் மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

"எப்ப மகள் தொடங்கப் போறீங்க?"

"நான் முடிச்சிட்டன் அம்மா."

கண்ணைத் திறந்தேன். அவள் கையில் ஒரு பிடியில் செருகிய நைலோன் துண்டு. "இது தங்கூசி நூல்தானே! எங்கட தூண்டில்ல கட்டுறது!" என்றேன். அவள் சிரித்துவிட்டு, நான் பார்க்கப் பார்க்க அதை என் உள்ளங்காலில் அழுத்தினாள். நூல் வளைந்தது. கால் சும்மா இருந்தது. ஏன், எதனால் என்று அவளைக் கேள்வியால் துளைத்தேன்.

"சீனி கூடினா நரம்பு பழுதாகும். முதல்ல எரியும். பொறகு செத்துப் போகும். எரிச்சல் நின்டது சுகம் வந்து இல்லம்மா."

டொக்டர் ஒளிக்கவில்லை. "செத்த சதைய வெட்டிப் பார்ப்பம். பழுது மேல ஏறியிருந்தா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும்" என்றார்.

கட்டிலில் படுத்துக்கொண்டு ஜெபித்தேன். இப்படி யாரும் ஜெபித்திருப்பார்களோ தெரியாது. "ஆண்டவரே, முன்பு வலியை எடுக்கச் சொன்னேன். இப்போது வலியைத் தாரும். எங்கேயாவது நோகட்டும்."

டொக்டர் வெட்டத் தொடங்கினார். நான் மீன் வெட்டுவதைப் பார்ப்பது போல என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புச் சதை வந்தது. வெள்ளைச் சதை வந்தது. ஒன்றும் தெரியவில்லை. கத்தி புறங்கால் பக்கம் வந்ததும் கத்திவிட்டேன்.

"ஐயோ! நோகுது டொக்டர்!"

"எங்க?"

"அதிலதான்! அதிலதான்!"

நல்ல சிவப்பு இரத்தம் வந்தது. "இங்க உயிர் இருக்கு. இதுக்கு மேல வெட்டத் தேவையில்ல" என்றார் டொக்டர். நான் விம்மி அழுதேன்.

"விறைக்க ஊசி போடட்டா அம்மா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"கொஞ்சம் பொறு மகள். இன்னும் கொஞ்சம் நோகட்டும்."

இரண்டாம் விரல் போனது. கால் நின்றது. இன்சுலின், மருந்துக்கட்டு, காலை நிலத்தில் ஊன்றாமல் மாதக்கணக்கில் இருப்பு என்று காயம் மூடியது. கிளினிக் நாளில் ரீற்றாதான் பஸ்ஸில் கூட்டிப்போனாள். உள்ளங்கால் இன்றும் மரத்துத்தான் இருக்கிறது. முதல் ஜெபத்துக்குப் பிறகு எரிச்சலை எடுத்தது ஆண்டவரா, நோயா என்று இன்னும் யோசிக்கிறேன். இரண்டாம் ஜெபத்தை அவர் கேட்டார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருக்கே நன்றி.

இப்போது தடித்த அடியுள்ள செருப்போடுதான் வாடிக்குப் போகிறேன். முதலாளி முறைக்கிறார், முறைக்கட்டும். காலையில் செபமாலை சொல்லும்போது ஒரு கையால் காலைத் தடவி, கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். வாடியில் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லித் தங்கூசியால் தொட்டுப் பார்த்தேன். அது சோதனை ஆகாது, தெரியும். அறிய ஆசை, விடவில்லை. பெண்கள் கிச்சுக்கிச்சு மூட்டுகிறேன் என்று சிரித்தார்கள். மீன்பிடி வள்ளத்தில் போகும் சீனி வருத்தக்காரர் அந்தோனி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. தங்கூசி பட்டது அவருக்குத் தெரியவேயில்லை.

"அண்ணே, குளிசை போடுறீங்கதானே?"

"இல்ல தங்கச்சி. உன்ட வீடியோவப் பார்த்துத்தான் நிப்பாட்டினன். எனக்கும் எரிஞ்சது, இப்ப இல்ல. எனக்கும் சுகம்தானே?"

மறுநாளே அவரைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனேன்.

சகோதரங்களே, நம்பி ஜெபியுங்கள். ஆண்டவர் கேட்கிறார், நான் சாட்சி. ஜெபித்துவிட்டுக் காலைப் புரட்டிப் பாருங்கள். விரலிடுக்கைத் துடையுங்கள். டொக்டர் சொல்லாமல் குளிசையை விடாதீர்கள். எரிந்த கால் சும்மா அடங்கிப்போனால் சாட்சி சொல்ல ஓடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிரதர், அந்த வீடியோ இன்னும் போனுக்குப் போன் போய்க்கொண்டிருக்கிறது. நீக்கச் சொல்லி இரண்டு முறை ஆள் அனுப்பினேன். "சாட்சியை அழிக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினீர்கள். தனியாக வந்து பேசவும் கூப்பிட்டீர்கள். தனியாக வரமாட்டேன். வரும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்: அந்த வீடியோவைப் பார்த்துக் குளிசையை விட்டவர்கள் இன்னும் எத்தனை பேர், அவர்களின் கால்களுக்கு யார் பொறுப்பு?