செல்லாத்தாளும் மீட்டர் முள்ளும்

சிங்காநல்லூர் செல்லாத்தாளுக்குப் பாம்பென்றாலும் பயமில்லை, பேயென்றாலும் பயமில்லை. குழந்தை பூவாத்தாளின் சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்பதுதான் பயம். பிரசவக் காய்ச்சல் அவள் காதுகளைப் பாதிக்கு மேல் கொண்டுபோயிருந்தது. ஒருநாள் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் குழந்தை புளியங்கொட்டையை விழுங்கி மூச்சுத் திணறியது. பக்கத்து வீட்டுச் சின்னாத்தாள் ஓடிவந்துதான் காப்பாற்றினாள். இரண்டடி தள்ளியிருந்த பெற்றவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதன்பின் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் புருஷன் பாலுசாமி மதராசிலிருந்து காது மிஷின் வரவழைத்தார். மார்பில் ஒரு பெட்டி, காதில் ஒரு குமிழ், இடுப்பில் பேட்டரி. கூடவே பாக்கெட் கடிகாரம் மாதிரி ஒரு மீட்டர். அதைப் பேட்டரியில் வைத்தால் முள் எழுந்து, எவ்வளவு தெம்பு மிச்சமென்று காட்டும்.

அந்த மாதமே குழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்தது. செல்லாத்தாள் தண்ணீர் சேந்தப் போகுமுன் மீட்டரை வைத்துப் பார்த்தாள், வந்தும் பார்த்தாள். பருப்பு வேகிற நேரத்தில் நாலு தரம் பார்த்தாள். முள் ஒரு மயிரிழை இறங்கினாலும் மறுபடி வைத்துப் பார்ப்பாள். தப்பாகப் பார்த்துவிடக் கூடாதென்று அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பாள். பத்து நாள் வரவேண்டிய பேட்டரி இரண்டே நாளில் செத்தது. அடுத்ததும் அப்படியே.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கோயமுத்தூரில் டார்ச் லைட் விற்கும் அப்துல் நாசர் கடைக்கு வண்டியில் போனார்கள். அவர் புதுப் பேட்டரியை மாட்டிக் கொடுத்ததும், அவள் வழக்கம்போல மீட்டரை எடுத்து வைத்தாள்.

"ஐயோ, எடுங்க அம்மணி! கண்ணு சிமிட்டற நேரம் தொட்டாப் போதுமுங்க. இப்படிப் புடிச்சுட்டே இருந்தா மீட்டரே பேட்டரியக் குடிச்சுப்போடுமுங்க!"

அவள் மீட்டரைப் பட்டென்று எடுத்தாள்.

"அப்ப நாந்தான் பார்த்துப் பார்த்தே தீத்துப்போட்டனுங்களா?"

மீட்டரை நாசர் பக்கம் தள்ளி வைத்தாள்.

"இது இங்கயே இருக்கட்டுமுங்க. எங்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காதுங்க."

திரும்பும் வழியெல்லாம் மடியில் குழந்தை இருமியது. குளிர்காற்றுப் படாமலிருக்க அதன் முகத்தைத் துணியால் மூடியிருந்தாள். ஒவ்வொரு இருமலும் நெஞ்சைப் பிசைந்தது. ஆனாலும் கேட்கிறதே என்று நிம்மதி. குளத்தங்கரையில் இருமல் சத்தம் நின்றுபோனது. பேட்டரி தீர்ந்துவிட்டதா? மீட்டருக்காகக் கை இடுப்பைத் துழாவியது. பிறகு விரலால் பெட்டியைச் சுண்டினாள். டொக்கென்று காதில் கேட்டது.

மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் குழந்தை?

துணியை விலக்கினாள். பூவாத்தாள் வாயைத் திறந்துவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வீடு வந்து சேரும்வரை செல்லாத்தாள் அழுதுகொண்டே இருந்தாள்.