மாமரத்தில் ஈட்டி நிறம்

யுத்தம் முடிந்த சமயம் அது. காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் என் ஓரகத்தியின் சீர்க்கட்டில் கிடந்தது. ஈட்டி மரம், கருஞ்சிவப்பு. வருகிறவர்களிடமெல்லாம் மாமியார், "சின்னவ வூட்ல குடுத்தது, ஈட்டி" என்று சொல்லிவிட்டுத்தான் குடிக்கத் தண்ணீரே கொடுப்பார். மூத்த மருமகள் நான் கொண்டுவந்தது வெளிறிய மாமரக் கட்டில். அது பின்கட்டில் அரிசி மூட்டையோடு கிடந்தது. பொய் சொல்வானேன், அவள் அந்த ஈட்டியில் புரண்டு படுப்பதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும், சோறு இறங்காது.

அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போனதும், கல்மண்டபத்திலிருந்து பாலிஷ் போடும் பாய் ஒருவரை வரவழைத்தேன். அவள் திரும்புவதற்குள் என் கட்டிலும் அதே நிறத்துக்கு வந்து முன்னறையில் ஏறவேண்டும்.

பாய் டீத்தூளைக் கொதிக்கவைத்துப் பூசினார். காய்ந்ததும் சுண்ணாம்புத் தண்ணீர் தடவி, மேலே சாயம் ஏற்றினார். கட்டில் கால் ஒன்றில்தான் முதல் சோதனை. ஈரத்தில் ஈட்டி மாதிரியே இருந்தது, காய்ந்தால் பீட்ரூட். தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி பூசினால் ஒரே கரி.

"இன்னா பாய், சட்டி அடியாட்டம் கீது?" என்று எரிந்து விழுந்தேன்.

"கோச்சுக்காதம்மா. அந்தக் கட்டில இன்னொரு தபா பாத்துக்குறேன்" என்று முன்னறைக்குப் போனவர், அதன் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தார். அடிப்பக்கம் ஸ்பிரிட் துணியால் துடைத்து, கத்தியால் லேசாகச் சுரண்டினார்.

"ஈட்டி இவ்ளோ லேசா இருக்காதேன்னு பாத்தேன். இதுவும் மாமரந்தாம்மா. இன்னா சோக்கா கலரு ஏத்திகீறான்!"

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமியார் கோயிலிலிருந்து வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன்.

பாய் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் படுத்திருந்தார். "யாரும் பாக்காத எடத்துலகூட நல்லா ஏத்திகீது. கூலிக்கு வந்தவன் தானா இத்தச் செய்யமாட்டான். பொண்ணப் பெத்தவன் பக்கத்துலயே குந்திகினு செய்ய வச்சிருப்பான்."

என் அப்பா அனுப்பிய கட்டிலில் ஆசாரி போட்ட பென்சில் கோடுகூட அழியவில்லை. அதை வண்டியில் ஏற்றும்போது அவர் கடையில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியார் வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. பாய்க்கும் பக்குவம் பிடிபட்டது; அந்த வாரமே என் கட்டிலும் கருஞ்சிவப்பாகி முன்னறையில் ஏறியது. "ரெண்டும் ஒண்ணாட்டம் கீது" என்று மாமியாரே சொன்னார்.

ஓரகத்தி குழந்தையோடு திரும்பிய அன்று அவளுடைய அப்பாவும் கூட வந்திருந்தார். தோளிலிருந்த துண்டால் கட்டிலைத் துடைத்துவிட்டு, "குந்தும்மா" என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். கட்டிலுக்காக அதுவரை பட்ட பொறாமையெல்லாம் வெறும் விளையாட்டு என்று அப்போதுதான் தெரிந்தது.