லேசான காய்ச்சல்

வருஷா வருஷம் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்வார் எங்கள் குடும்ப டாக்டர். மூன்று வருடமாக "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றே நழுவிவந்தேன். ஊசிக்குப் பயப்படுகிறேன் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். எழுபது வயதில் இந்தப் பட்டம் வேறு.

ஊசிக்கு நான் என்றுமே பயந்ததில்லை. ஆனால் போட்ட மறுநாள் எனக்கு உடம்பு சுடும். முன்பெல்லாம் மனைவி நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, ரசம் சாதம் கரைத்துக் கொடுப்பாள். அவள் போன பிறகு, ராஜா அண்ணாமலைபுரம் ஃப்ளாட்டில் தனியாகக் காய்ச்சலில் கிடக்க எனக்கு மனமில்லை. இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

இந்த வருடம் கிளினிக் நர்ஸ் விடவில்லை.

"இன்னா சார், எறும்பு கடிக்கிற மாதிரிதான். வூட்ல யாரு கீறாங்க?"

யாருமில்லை என்றேன். அவள் ஊசியைப் போட்டுவிட்டு, என் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை போன் வந்தது.

"காய்ச்சல் கீதா சார்?"

தெர்மாமீட்டர் என் கையில்தான் இருந்தது. காய்ச்சல் துளியும் இல்லை.

"லேசா இருக்கும்மா," என்றேன். "சாயங்காலம் வேணா இன்னொரு தடவை கேளு."