மூணாம் தறியும் என் வீட்டுக்காரர் குறட்டையும்

போன மாதம் கரண்ட் கட் ஆன அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் குறட்டையை முதன்முதலாகக் கேட்டேன்.

(பெரிய பையன் காலேஜ் போகிறான். கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.)

சிரிக்காதீர்கள். சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. எங்கள் வீட்டிலேயே நாலு, ராப்பகலாக ஓடுகிறது. இந்தச் சத்தத்தில் பக்கத்தில் படுத்திருப்பவர் கச்சேரியே வைத்தாலும் கேட்காது.

அவர் காது மட்டும் வேறு ரகம். மத்தியானம் கண்ணசந்திருக்கும்போது ஒரு தறி நின்றால் போதும், கண்ணைத் திறக்காமலே, "ஏட்டி, மூணாம் தறி நின்னுட்டு. இழை அந்துருக்கும், பாரு" என்பார். சரியாக மூணாம் தறிதான் நின்றிருக்கும். அதில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை.

அவருக்கு பிரஷர் உண்டு. மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் இறங்கவில்லை.

குறட்டை விடுவாரா என்று டாக்டர் கேட்டபோது இரண்டு பேரும் ஒரே குரலில் இல்லை என்றோம். பழி ஊறுகாய் மேல் விழுந்தது. ஜாடியை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அப்புறம்தான் அந்த மின்தடை. பராமரிப்பு வேலையாம், பகல் முழுக்கத் தெருவே அமைதி. கரண்ட் இல்லாத நாளில் வெளியே கிளம்பிவிடும் மனுஷர், அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். குறட்டை கிளம்பியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போனில் ரெக்கார்ட் செய்தேன் (கொழுந்தனாருக்கு அனுப்பத்தான்).

திடீரென்று சத்தம் நின்றது.

நெஞ்சு ஏறி இறங்குகிறது, மூச்சு மட்டும் வரவில்லை. உலுக்கப் போகும்போது பெரிய திணறலோடு மூச்சு வந்தது. மறுபடி குறட்டை. மறுபடி நின்றது.

எழுந்ததும் கேட்டால், "நான் குறட்டை விட்டா எனக்குக் கேக்காதா?" என்கிறார்.

டாக்டரிடம் அந்த ரெக்கார்டைப் போட்டுக் காட்டினேன். தூக்கத்தைப் பரிசோதிக்கத் திருநெல்வேலிக்கு அனுப்பினார். ரிசல்ட் வந்ததும், "தூக்கத்துல மூச்சு நிக்கிறப்பலாம் ஹார்ட் பதறிப் போய் வேலை செய்யுதும்மா. பிறகு எப்படி பிரஷர் இறங்கும்? இப்படியே விட்டா ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக்னு கொண்டு போயி விட்ரும்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "தறி நின்னா உடனே தெரியுது. மூச்சு நின்னா தெரியலயே உங்களுக்கு?"

கேட்டு முடிப்பதற்குள் எனக்கே அழுகை வந்தது.

இப்போது படுக்கும்போதெல்லாம் மூக்கில் மாஸ்க், பக்கத்தில் காற்று கொடுக்கும் மெஷின். (அஞ்சாம் தறி என்று பேர் வைத்திருக்கிறேன்.) பிரஷர் மெல்ல இறங்குகிறது. ஊறுகாய்க்கு மட்டும் இன்னும் விடுதலை இல்லை.

உங்கள் வீட்டுக் குறட்டையையும் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். நடுவில் சத்தம் நின்றால் சிரிக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

நேற்று மத்தியானம் மூணாம் தறி நின்றது. மாஸ்கோடு தூங்கிக்கொண்டிருந்த அவர் அசையவில்லை. பயந்துபோய் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. நானே போய் இழையை முடிந்துவிட்டு வந்தேன்.

சாயந்திரம் காபி கொடுக்கும்போது, மூணாம் தறி நின்றதைச் சொன்னேன்.

"எப்போ?" என்றார்.