ஆடாத பெஞ்ச்

குறி தப்பினால் பழி போட ஆர்விட் லஹ்டிக்கு ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். போன நவம்பரில் ஒரு பெண் மானை வயிற்றில் சுட்டுவிட்டு, ரத்தத் தடத்தின் பின்னாலேயே நடந்து, சதுப்பில் அதைக் கோட்டைவிட்டார். அன்றைக்குக் காற்று சரியில்லை என்றார். கோடையில் வீட்டுப் பின்புறம் சுட்டுப் பார்த்தபோது மேசை ஆடுகிறது என்றார்.

ஆகவே துப்பாக்கியைச் சாய்த்துச் சுட ஒரு பெஞ்ச் செய்தார். நான்கு தடித்த கால்கள். மிச்சிகன் குளிரில் மண் உறைந்து தூக்கிவிடாதபடி இடுப்பளவு ஆழத்தில் இறக்கிக் கான்கிரீட் கொட்டினார். மேலே இரட்டைப் பலகை, நெஞ்சை ஒட்டி உட்கார ஒரு வளைவு, துப்பாக்கிக்கு மணல் மூட்டை. டிராக்டர் மோதினால் டிராக்டர்தான் நசுங்கும் என்று மனைவி லைலா கேலி செய்தாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் நாள் மூன்று குண்டு சுட்டார். மூன்றும் மூன்று திசையில் போயின. பெஞ்ச் இம்மியும் அசையவில்லை. காற்றும் இல்லை.

மறுநாள் லைலாதான் தோட்டா போட்டுக் கொடுத்தாள். அவர் விசையை இழுத்தார். டக் என்றது, அவ்வளவுதான். அவள் போட்டிருந்தது மருந்தில்லாத தோட்டா. ஆனாலும் அவர் தோள் துள்ளி, குழல் தாழ்ந்து, கண் இறுக மூடியிருந்தது.

"வெடிக்கவே இல்ல, ஆர்விட். நீ மட்டும்தான் துள்ளுன," என்றாள் லைலா.

அந்த மானைத் தொலைத்த நாளிலிருந்தே விசையில் விரல் பட்டால் அவருக்குப் பயம். அதை வெளியே சொல்ல வெட்கம். சாக்குச் சொல்ல மிச்சமிருந்ததையும் தன் கையாலேயே கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்.

இதைவிடப் பெரிய வினை ஒன்று காத்திருந்தது. அவரும் இன்னும் ஐந்து பேரும் சேர்ந்து வைத்திருந்த வேட்டைக் குடிலுக்கு இருபது வருடம் முன்பு விதி எழுதியவரே அவர்தான். வேட்டை தொடங்கும் முன் சனிக்கிழமை, நூறு கஜத்தில் ஒரு காகிதத் தட்டு; மூன்று குண்டும் அதில் விழ வேண்டும். விழாதவன் காட்டுக்குள் போகக் கூடாது, குடிலில் சமைக்கலாம். போன வருடம் லைலாவின் தம்பி வால்ட்டரைப் பானை கழுவ அனுப்பியவரும் அவரே. விதி எழுதியவரையே தட்டில் சுட்டுக் காட்டச் சொல்ல இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

இந்த வருடம் புது பெஞ்சைப் பார்க்க அந்த ஐந்து பேரும் வந்துவிட்டார்கள்.

"பெஞ்ச் உன்னோடது. முதல்ல நீயே உக்காரு, மச்சான்," என்றான் வால்ட்டர்.

விலகிப் போக வழியில்லை. உட்கார்ந்தார், மூன்று முறை சுட்டார், மூன்று முறையும் கண்ணை மூடினார். தொலைநோக்கியில் பார்த்த வால்ட்டர் வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை.

"மூணும் உள்ளதான்," என்றான் கடைசியில், யார் முகத்தையும் பார்க்காமல்.

போன வருடம் தன்னை விரட்டியவருக்காக அவன் பொய் சொல்கிறான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். வாயை மூடிக்கொண்டால் போதும், நவம்பரில் அவரும் காட்டுக்குள் போகலாம். சதுப்பின் ஓரம் நின்றுபோன அந்த ரத்தத் தடம் ஆர்விட்டின் கண்முன் வந்தது.

"மூணும் உள்ள இல்ல, வால்ட்டர். நான் கண்ணை மூடிட்டுத்தான் சுட்டேன்," என்று துப்பாக்கியைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

வால்ட்டர் அந்தத் துப்பாக்கியை எடுத்து உறையில் போட்டான்.

"பெரிய பானை அடிப்பிடிக்கும், மச்சான். கிண்டிக்கிட்டே இருக்கணும்."