தோலுக்கு அடியில் பச்சை

ஞாயிறு காலையில் தூரிகையைத் தொடுமுன் பஞ்சாட்சரம் தன் மணிக்கட்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆம்பூர்த் தோல் கிடங்கில் மூட்டைகளுக்கு மார்க்கா எழுதுகிறவர். யானை, தராசு, பிறைநிலா எதுவானாலும் ஒரே இழுப்பில் முடித்துவிடுவார். மனிதச் சதை மட்டும் நெடுநாள் அவருக்குப் பிடிபடவில்லை.

முதலாளி மஹபூப் பாஷா, ஊரைவிட்டுப் போன துரை ஒருவரின் சாமான்களை ஏலத்தில் எடுத்தபோது, மேஜை நாற்காலிகளோடு ஓர் எண்ணெய்ச் சித்திரமும் வந்தது. இத்தாலி தேசத்துப் பழைய ஓவியம் ஒன்றின் நகல். தாயும் மடியில் பிள்ளையும். "உருவப்படம் வூட்ல மாட்ட மாட்டோம், பஞ்சாட்சரம். மதராஸ்காரர் ஒர்த்தர் கேட்டிருக்கார். அவர் வர்ற வரைக்கும் பாத்து எழுதிக்கோ" என்றார் பாஷா.

அன்றிலிருந்து கிடங்கின் ஜன்னலோரமே அவருக்குப் பள்ளிக்கூடம். அந்தப் படமே வாத்தியார். வெள்ளையில் சிவப்பைக் குழைத்துப் பூசுவார். பிள்ளை சந்தைப் பொம்மையாகிவிடும். சுரண்டி எறிவார். "பேஜாரா கீது, சாயபு. உசிரை எங்க வெச்சான்னே தெரில."

ஒருநாள் தாயின் கழுத்தோரம், வண்ணம் தேய்ந்திருந்த இடம் கண்ணில் பட்டது. ரோஜா நிறத்துக்கு அடியில் பச்சை. படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். பிறகு தன் மணிக்கட்டு நரம்பைப் பார்த்தார். "அடேயப்பா! இவ்ளோ நாளா என் கையிலயே இருந்துக்குது."

புதுத் துணியில் இருவரையும் முழுக்கப் பச்சையிலேயே எழுதினார். சோறு கொண்டுவந்த மனைவி கோவிந்தம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இன்னாய்யா இது, செத்த புள்ளயாட்டம்!" பச்சை காய்ந்தபின் அவர், சிவப்பை எண்ணெயில் கரைத்து, வெங்காயச் சருகுபோல மெல்லிசாக அதன்மேல் ஏற்றிக்கொண்டே போனார்.

மதராஸ்காரர் வந்து துரை வீட்டுப் படத்தைக் கட்டி எடுத்துப்போன அன்றுதான் இவர் படம் முடிந்தது. கோவிந்தம்மாள் உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "தொட்டா சுடும்போல கீதேய்யா" என்று பிள்ளையின் பாதத்தில் விரலை வைத்தாள். வண்ணம் இன்னும் ஈரம். அவள் ரேகை அதில் பதிந்துவிட்டது. பதறிக் கையை இழுத்துக்கொண்டாள்.

மயிரிழை பிசகினாலும் சுரண்டிவிடுகிற பஞ்சாட்சரம் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, கந்தைத்துணியை எடுத்து அவள் விரலைத் துடைத்துவிட்டார்.