கிழியாத துருத்தி

நாளை பேத்திக்குக் கொல்லுப்பட்டறையில் கத்தி அடிக்கக் கற்கும் முதல் வகுப்பு. தீப்பொறி பட்டாலும் உருகாத பருத்திச் சட்டையை எடுத்துவைத்துக்கொண்டே அவள் போனில் ஒரு உலைக்களத்தைக் காட்டினாள். காற்றூதும் தோல் துருத்தி புஸ்ஸென்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அது, கூலியை உயர்த்தக் கேட்டு எங்கள் தெரு அறுவடைக்குப் போகாத வருஷம். ஆசாரியின் உலையில் துருத்தி அமுக்குவது நான்தான். பண்ணையார், எங்களுக்குப் பதிலாக அழைத்துவந்த வெளியூர் ஆட்களின் மழுங்கிய அரிவாள்களைக் கொண்டுவந்து, உலையில் காய்ச்சிப் பல் வெட்டித்தரச் சொன்னார். அவர்கள் அறுத்துவிட்டால் எங்கள் கூலி அவ்வளவுதான்.

"துருத்தி கிழிஞ்சு கெடக்குங்க" என்றார் ஆசாரி.

பண்ணையார் என்னைப் பார்த்தார். "நெசமாடி?"

நல்ல துருத்தியின் மேல் பாவாடையை விரித்து உட்கார்ந்தேன். "ஆமாங்க, எலி கடிச்சிருச்சுங்க."

நெல் உதிரத் தொடங்கிய நாலாம் நாள், கேட்ட கூலிக்கு அவர் ஒப்புக்கொண்டார்.

"பொய்யா சொன்ன, அப்பாயி?"

"பின்னே? இப்ப வந்து கேட்டாலும் அதத்தான் சொல்வேன்."